கூண்டுக்குள் ஓர் அன்றாடங்காய்ச்சி

உங்கள் தெருவில் எந்த வீட்டிலாவது கூண்டில் சிறுகிளிகள் வளர்க்கிறார்களா? அப்படியானால் ஒரு விடுமுறை நாளில் அரை மணி நேரம் அந்தக் கூண்டின் எதிரே அமர்ந்து, கையில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, அந்தப் பறவை என்னென்ன செய்கிறது என்று குறித்து வாருங்கள். தினையைக் கொத்தும். சற்று நேரம் சும்மா இருக்கும். இறகைக் கோதும். மறுபடியும் தினைக் கிண்ணத்துக்கு வரும். தண்ணீரில் அலகை நனைக்கும். ஒரு சுற்று கத்தும். மீண்டும் தினை! காலையிலிருந்து மாலைவரை இதே கதைதான்.

"இத்தனை சிறிய பறவைக்கு இவ்வளவு பசியா?" என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் கேள்வியைச் சற்றே திருப்பிப் போட வேண்டும். சிறிய பறவையாக இருப்பதனால்தான் அதற்கு இவ்வளவு பசி! இதன் காரணத்தைத் தெரிந்துகொள்ள உயிரியல் மட்டும் போதாது. கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் கணக்கும் வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தவர்களிடம் சிறுகிளி நலமாக வாழும். தெரியாதவர்கள் வீட்டில், யாரும் ஒரு தீங்கும் நினைக்காமலேயே, ஒருநாள் காலையில் அது கூண்டின் அடியில் விழுந்து கிடக்கும்.

பெயரில் ஒரு குழப்பம்

நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கும் பறவைகளில் பெரும்பாலானவை உண்மையில் லவ் பேர்ட்ஸ் அல்ல. அந்தப் பெயருக்கு உரிய கிளிகள் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. குட்டை வாலும் பருத்த அலகும் கொண்டவை. நம் வீடுகளில் இருப்பது பட்ஜெரிகார் என்னும் ஆஸ்திரேலியச் சிறுகிளி. நீண்ட வால், முதுகில் அலை அலையாகக் கறுப்பு வரிகள், வால் நுனிவரை சுமார் 18 செ.மீ. நீளம் ஆகியவை இதன் அடையாளங்கள். காட்டில் வாழும் பட்ஜெரிகார் பச்சை உடலும் மஞ்சள் தலையும் கொண்டது. நீலம், வெள்ளை முதலிய நிறங்கள் எல்லாம் மனிதர் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து உண்டாக்கியவை. 1840இல் ஜான் கூல்டு என்னும் பறவையியலார் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து உலகெங்கும் வீட்டுப் பறவையாகப் பரவிவிட்டது.

இங்கே ஒன்றை மறக்கக்கூடாது. நம் தோப்புகளில் பறக்கும் பச்சைக்கிளி வேறு, இது வேறு. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது மரப்பொந்தில் வாழட்டும். நாம் பேசப்போவது பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பட்ஜெரிகாரைப் பற்றி.

இதன் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 30 கிராம். ஒரு கோழிமுட்டையின் எடையில் ஏறத்தாழப் பாதிதான்! இந்த 30 கிராம் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இதுதான் தொடக்கம்.

சிறியதற்குப் புறப்பரப்பு அதிகம்

உங்கள் எடை 48 கி.கி. என்று வைத்துக்கொள்வோம். உயிருள்ள உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்திதான். ஆகவே உங்கள் உடலின் கன அளவு 48,000 க.செ.மீ.; கிளியின் கன அளவு 30 க.செ.மீ. கணக்கு எளிதாக இருக்க வேண்டி, இருவரையும் கனசதுரங்களாகப் பாவிப்போம். (கோபித்துக்கொள்ள வேண்டாம், இயற்பியலில் இப்படிப்பட்ட உரிமைகளை அடிக்கடி எடுத்துக்கொள்வோம்!)

உங்கள் கனசதுரத்தின் பக்கம் சுமார் 36.3 செ.மீ. ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 7,900 சதுர செ.மீ. இதை 48,000 கிராமால் வகுத்தால், ஒரு கிராமுக்கு 0.165 சதுர செ.மீ. கிடைக்கிறது.

கிளியின் கனசதுரத்தின் பக்கம் 3.1 செ.மீ. மொத்தப் பரப்பு 58 சதுர செ.மீ. இதை 30 கிராமால் வகுத்தால், ஒரு கிராமுக்கு 1.93 சதுர செ.மீ.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கிராம் உடலுக்குக் கிளியிடம் இருக்கும் புறப்பரப்பு உங்களுடையதைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு! வெப்பம் உடலைவிட்டு வெளியேறுவது இந்தப் பரப்பின் வழியாகத்தான். வெப்பத்தை உண்டாக்குவதோ உள்ளே இருக்கும் உடல் முழுவதும். ஆகவே சிறிய உடலில் வரவுக்கான இடம் குறைவு. செலவுக்கான வாசல்கள் அதிகம். போதாக்குறைக்கு, உங்கள் உடல் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். கிளியின் உடல் வெப்பநிலையோ சுமார் 41 டிகிரி. உங்களுக்குக் கடுங்காய்ச்சல் என்று மருத்துவர் கவலைப்படும் வெப்பநிலை அதற்கு இயல்பு நிலை.

பெரிய சேமிப்பு உடையவன் நாலு நாள் வேலைக்குப் போகாவிட்டாலும் சமாளிப்பான். அன்றாடங்காய்ச்சியால் முடியாது, அன்று சம்பாதித்தால்தான் அன்று அடுப்பு எரியும். யானை முதல் வகை, நாம் நடுத்தரம், 30 கிராம் கிளி சரியான அன்றாடங்காய்ச்சி!

தினைக் கணக்கு

பல விலங்குகளின் ஆற்றல் செலவை அளந்து, உடல் எடைக்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1932இல் வெளியிட்டவர் மாக்ஸ் கிளைபர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஆய்வு செய்தவர். ஓய்வு நிலையில் ஓர் உயிர் நாளொன்றுக்குச் செலவிடும் ஆற்றல், உடல் எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்ப அமைகிறது என்று கண்டார். எடையைக் கிலோகிராமில் எடுத்து, அதன் முக்கால் அடுக்கை 70ஆல் பெருக்கினால் கிலோகலோரியில் விடை கிடைக்கும்.

முக்கால் அடுக்கைக் காண்பது கடினம் அல்ல. எண்ணுக்கு இருமுறை வர்க்கமூலம் எடுத்து, வரும் விடையை மும்முறை பெருக்கினால் போதும். கிளிக்குப் போட்டுப் பாருங்கள்: 0.03இன் வர்க்கமூலம் 0.173, அதன் வர்க்கமூலம் 0.416; அதன் கனம் 0.072. இதை 70ஆல் பெருக்கினால் 5 கிலோகலோரி. பறவைகளின் உடல் சற்று வேகமாக எரியும் அடுப்பு. ஆகவே 6 என்று வைத்துக்கொள்வோம். சும்மா உட்கார்ந்திருப்பதற்கே இது. ஏறி, இறங்கி, பறந்து, கத்துவதையும் சேர்த்தால் இரு மடங்கு, அதாவது 12 கிலோகலோரி வேண்டும்.

ஒரு கிராம் தினையில் சுமார் 3.5 கிலோகலோரி ஆற்றல் உண்டு. 12ஐ 3.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.4 கிராம். "இவ்வளவுதானா?" என்று தோன்றுகிறதா? உடல் எடையோடு ஒப்பிடுங்கள். 30 கிராமில் 3.4 கிராம் என்பது நூற்றுக்கு 11 பங்கு. 48 கி.கி. எடையுள்ள நீங்கள் இதே விகிதத்தில் உண்ண வேண்டுமானால், நாள்தோறும் 5 கிலோவுக்கு மேல் தானியம் தேவை!

இந்தக் கணக்கோடு சேர்த்து ஓர் எச்சரிக்கையும் உண்டு. பட்ஜெரிகார் தினையை அப்படியே விழுங்குவதில்லை. அலகால் உமியை உரித்துவிட்டு அரிசியை மட்டும் தின்னும். உரித்த உமி அதே கிண்ணத்தில் விழும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கிண்ணம் நிறையத் தினை இருப்பதுபோலவே தெரியும். "இன்னும் தீரவில்லையே" என்று வீட்டார் போய்விடுவார்கள். உண்மையில் அங்கே இருப்பது வெறும் உமி. நிறைந்த கிண்ணத்தின் அருகிலேயே பறவை பட்டினி கிடக்கும்! உங்கள் பாட்டி முறத்தில் புடைப்பதன் தத்துவத்தை இங்கே பயன்படுத்துங்கள். கிண்ணத்தை வெளியே எடுத்து மெல்ல ஊதினால், எடை குறைந்த உமி பறந்துவிடும். கனமான தானியம் தங்கும். எஞ்சியது எவ்வளவு என்று பார்த்துப் புதுத் தினை இடுங்கள். காலையும் மாலையும் இதைச் செய்ய ஒரு நிமிடம் ஆகுமா?

மாலை நேரம் ஏன் முக்கியம் என்றால், கிளி இரவில் உண்பதில்லை. சூரியன் மறைவதற்குள் கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பையை நிரப்பிக்கொண்டு, அந்தச் சிறு கையிருப்பை வைத்தே பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தைக் கடத்த வேண்டும். தினை மட்டும் கொடுத்தாலும் போதாது. கழுவிய கீரையும் கேரட் துருவலும் சிறிதளவு கொடுப்பது நல்லது. நாம் விரும்பித் தின்னும் சாக்லேட்டும் பட்டர் ஃப்ரூட் என்னும் வெண்ணெய்ப்பழமும் அதற்கு நஞ்சு.

காற்றால் நெய்த போர்வை

செலவுக்கான வாசல்கள் இத்தனை இருந்தும் கிளி எப்படித் தாக்குப்பிடிக்கிறது? இறகுகளால்தான். ஆனால் வெப்பத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு இறகுப் பொருளுக்கு உரியது அல்ல. இறகுகளுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்றுக்கு உரியது. அசையாத காற்று மிகச் சிறந்த அரிதிற் கடத்தி என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மார்கழிக் குளிரில் கிளி உடலைப் பந்துபோல் உப்ப வைத்துக்கொண்டு, ஒரு காலை வயிற்று இறகுக்குள் மடக்கி, முகத்தை முதுகுப் பக்கம் திருப்பிப் புதைத்துக்கொண்டு உறங்கும். உப்பும்போது காற்றுப் படலத்தின் தடிமன் கூடுகிறது. வெப்பக் கடத்தல் குறைகிறது. இறகில்லாத காலும் அலகும் உள்ளே போனதால் இரண்டு வாசல்கள் அடைபட்டன.

இறகு முழுதும் நனைந்துவிட்டால் என்ன ஆகும்? காற்று இருந்த இடத்தில் நீர் புகும். நீர் காற்றைப்போல் 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு அந்த நீர் ஆவியாவதற்கும் உடலிலிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே கிளி குளிக்க விரும்பினால் வெயில் ஏறிய பின், முற்பகலில் குளிக்கட்டும். மாலையில் வேண்டாம்.

இன்னொரு செய்தி. பகலில், குளிர் இல்லாத நேரத்தில், ஒரு கிளி உப்பிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால், "அழகாகத் தூங்குகிறது" என்று எண்ணிவிடாதீர்கள். நோயுற்ற பறவை போதிய வெப்பத்தை உண்டாக்க முடியாமல், இருப்பதைக் காக்கப் பாடுபடுகிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கத்திரி வெயிலில்

இதுவரை வெப்பம் போய்விடுமே என்று கவலைப்பட்டோம். மே மாதத்தில் கவலை தலைகீழாகிறது. வேலூரிலோ கரூரிலோ நிழலிலேயே 40 டிகிரி. கிளியின் உடல் 41 டிகிரி. நியூட்டனின் குளிர்வு விதியை நினைவுகூருங்கள்: வெப்பம் வெளியேறும் வேகம், உடலுக்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வேறுபாடு ஒரே ஒரு டிகிரி என்றால், கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றும் ஏறத்தாழக் கைவிட்டுவிடும். எஞ்சியிருப்பது ஆவியாதல் ஒன்றுதான். நமக்கு வியர்க்கும். பறவைக்கு வியர்வைச் சுரப்பிகளே கிடையாது! அது அலகைத் திறந்து வேகமாக மூச்சிரைத்து, வாய் மூச்சுக்குழல்களின் ஈரத்தை ஆவியாக்குகிறது. இறக்கைகளை உடலைவிட்டு விலக்கி வைத்துக்கொள்கிறது.

இதற்கு எவ்வளவு நீர் வேண்டும்? நாளொன்றுக்கு 6 கிலோகலோரி என்பது சுமார் 0.3 வாட் திறன். அதாவது மணிக்கு 1,080 ஜூல். உடல் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் உள்ளுறை வெப்பம் தேவை. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 0.45 கிராம் நீர். காலை 10 மணி முதல் மாலை 6 மணிவரை எட்டு மணி நேரத்துக்கு 3.6 கிராம். இது உடல் எடையில் நூற்றுக்கு 12 பங்கு. உங்கள் உடலுக்கு இதைப் பொருத்தினால் ஒரு பகலில் ஐந்தே முக்கால் லிட்டர்! பறவை தன் உடல் வெப்பநிலையைச் சிறிது உயரவிட்டு ஓரளவு சமாளிக்கும் என்பது உண்மை. ஆனால் மூச்சிரைப்பதற்கே தசைகள் உழைக்க வேண்டியிருப்பதால், அந்தச் சலுகையில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும்.

பட்ஜெரிகார் வறண்ட நிலத்துப் பறவைதானே, வெயில் அதை என்ன செய்யும் என்று கேட்கலாம். காட்டில் அதற்கு இறக்கை இருக்கிறது. நீரைத் தேடிப் பல கிலோமீட்டர் பறந்து போகும். அப்படியிருந்தும் 1932 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் வீசிய வெப்ப அலையில் பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. சிறுகிளிகளும் அவற்றில் அடக்கம். கூண்டுக்கிளியால் எங்கே போக முடியும்? நீங்கள் வைத்த கிண்ணம்தான் அதன் ஆறும் குளமும்.

ஆகவே தகரக் கூரைக்கு அடியிலும், பிற்பகல் வெயில் விழும் பால்கனியிலும் கூண்டை வைக்காதீர்கள். காலையில் நிழலாக இருந்த இடம் மூன்று மணிக்கும் நிழலாக இருக்குமா என்று பாருங்கள். கூண்டின் ஒரு பக்கம் மட்டும் நனைத்த கோணியைத் தொங்கவிடலாம், காற்றோட்டம் வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் இரண்டாக இருக்கட்டும். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றொன்று காப்பாற்றும்.

மூச்சும் புகையும்

வேகமாக எரியும் அடுப்புக்கு நிறையக் காற்று வேண்டும் அல்லவா? பறவையின் மூச்சமைப்பு நம்முடையதைவிடத் திறமையானது. நம் நுரையீரல் துருத்திபோல விரிந்து சுருங்கும். உள்ளே போன வழியாகவே காற்று வெளியே வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. துருத்தி வேலையை அந்தப் பைகள் செய்கின்றன. உள்ளிழுத்த காற்றின் பெரும்பகுதி முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போய், வெளிவிடும்போது நுரையீரல் வழியாக ஒரே திசையில் ஓடுகிறது. ஆகவே மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலுக்குப் புதுக்காற்று கிடைக்கிறது!

ஆனால் ஆக்சிஜனை இத்தனை திறமையாக வாங்கும் அமைப்பு நஞ்சையும் அதே திறமையோடு வாங்கிவிடும். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கண்டறிய, கானரி என்னும் சிறு பறவையைக் கூண்டோடு எடுத்துச் சென்றார்கள். 1890களில் இந்த யோசனையைச் சொன்னவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞர். மனிதருக்கு மயக்கம் வருமுன் பறவை சாய்ந்துவிடும், ஆட்கள் வெளியேறிவிடுவார்கள். மின்னணுக் கருவிகள் வந்த பிறகு, 1986இல்தான் பிரிட்டனில் இந்த வழக்கம் கைவிடப்பட்டது.

நம் சமையலறையும் சில நேரம் அப்படிப்பட்ட சுரங்கம் ஆகிவிடும். நான்ஸ்டிக் தோசைக்கல்லைக் காலியாக அடுப்பில் வைத்து மறந்துவிட்டால், சில நிமிடங்களில் அதன் வெப்பநிலை 260 டிகிரியைத் தாண்டும். அப்போது அதன் பூச்சு சிதைந்து, கண்ணுக்குத் தெரியாத புகையை வெளிவிடத் தொடங்கும். நமக்குத் தும்மல்கூட வராமல் போகலாம். அடுத்த அறையிலுள்ள கிளி சில நிமிடங்களில் இறந்துவிடக்கூடும். கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, தீபாவளிப் பட்டாசு ஆகியவற்றின் புகையும் அதற்கு ஆகாது. கூண்டின் இடம் சமையலறையிலிருந்து தொலைவில் இருக்கட்டும்.

அறைக்குள் பறத்தல்

பட்ஜெரிகார் பறப்பதற்கு எவ்வளவு ஆற்றல் செலவிடுகிறது என்பதை 1960களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வான்ஸ் டக்கர் அளந்தார். காற்றுச் சுரங்கம் ஒன்றில் கிளிக்கு ஒரு சிறு முகமூடி அணிவித்துப் பறக்கவிட்டு, அது பயன்படுத்தும் ஆக்சிஜனைக் கணக்கிட்டார். மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் பறக்கும்போதுதான் செலவு மிகக் குறைவு. வேகம் கூடினாலும் செலவு கூடியது, குறைந்தாலும் கூடியது! வேகமாகப் போனால் காற்றின் தடை அதிகம். மெதுவாகப் போனால் உடலைத் தாங்கத் தேவையான உயர்த்து விசையைப் பெற இறக்கைகள் மிகுதியாக உழைக்க வேண்டும். மிகச் சிக்கனமான வேகத்திலும் செலவு ஓய்வு நிலையைப் போல் பத்து மடங்குக்கு மேல்.

35 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 9.7 மீட்டர். மூன்றரை மீட்டர் நீளமுள்ள அறையை அந்த வேகத்தில் கடக்கச் சற்றேறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வினாடி போதும். எனவே அறைக்குள் கிளியால் தன் இயல்பான வேகத்தை எட்டவே முடியாது. அங்கே அது எப்போதும் மெதுவாக, மிகுந்த செலவில், அடிக்கடி திரும்பித் திரும்பிப் பறக்கிறது. அதற்கு அந்தப் பயிற்சி தேவைதான். ஆனால் கதவைத் திறந்துவிடுமுன் மேலே பாருங்கள்! 1,200 மி.மீ. வீச்சுள்ள மின்விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது என்று கொண்டால், இறக்கை நுனியின் வேகம் வினாடிக்குச் சுமார் 18.8 மீட்டர், அதாவது மணிக்கு 68 கி.மீ. பறவையின் சிக்கன வேகத்தைப்போல் இரு மடங்கு! சுற்றும் விசிறியில் இறக்கைகள் தனித்தனியாகத் தெரிவதும் இல்லை. முதலில் விசிறியை நிறுத்துங்கள். அது முழுதும் நின்றபின் கூண்டைத் திறங்கள்.

அடுத்தது கண்ணாடி ஜன்னல். பட்ஜெரிகார் சுவரில் மோதாமல் எப்படிப் பறக்கிறது? பெங்களூரில் பொறியியல் பயின்ற மாண்டியம் சீனிவாசனும் அவருடைய குழுவினரும் ஆஸ்திரேலியாவில் இதை ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பேருந்தில் போகும்போது அருகிலுள்ள மரங்கள் விரைவாகவும் தொலைவிலுள்ளவை மெதுவாகவும் பின்னோக்கி நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். கிளியும் இரு கண்களிலும் காட்சி நகரும் வேகத்தை ஒப்பிட்டு, இரண்டும் சமமாகும்படி நடுவில் பறக்கிறது. ஒரு சுவரில் செங்குத்துக் கோடுகளையும் எதிர்ச்சுவரில் படுக்கைக் கோடுகளையும் போட்டபோது, பறவை படுக்கைக் கோட்டுச் சுவரை ஒட்டிப் பறந்தது. பறக்கும் திசையிலேயே நீளும் கோடு நகர்வதாகத் தெரியாது அல்லவா? துடைத்த கண்ணாடியிலோ கோடே இல்லை. ஆகவே அது பறவைக்குத் திறந்த வெளி. திரைச்சீலையை இழுத்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது.

"பேசாமல் வெளியே பறக்கவிட்டுவிடலாமே" என்று இரக்கமுள்ள சிலர் நினைக்கலாம். கூண்டில் பிறந்த பட்ஜெரிகாருக்கு நம் ஊரில் இரை தேடத் தெரியாது; காகமும் பூனையும் காத்திருக்கின்றன. அன்றாடங்காய்ச்சிக்கு இரண்டு நாள் வேலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இப்போது நீங்களே கணக்கிட்டுச் சொல்லலாம். வாங்காமல் இருப்பது ஒரு நல்ல முடிவு. வாங்கிய பின் திறந்துவிடுவது கருணை ஆகாது.

தராசு சொல்லும் செய்தி

கூட்டமாக வாழும் சிறு பறவைகள் நோயை வெளிக்காட்டுவதில்லை. சோர்ந்திருக்கும் பறவையைத்தான் பருந்து குறிவைக்கும் என்பதால், முடிந்தவரை நலமாக இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆனால் தராசை ஏமாற்ற முடியாது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை மின்னணுத் தராசில் சிறு கம்பு ஒன்றைப் பொருத்தி, அதன் எடையைக் கழித்துக்கொண்டு, வாரம் இருமுறை காலையில் தினை வைக்குமுன் கிளியை நிறுத்துப் பாருங்கள். எடையைத் தேதியோடு குறித்து வரைபடமாக்குங்கள். 3 கிராம் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்கு. ஒரு ரூபாய் நாணயத்தின் எடை அளவுதான். ஆனால் 48 கி.கி. மாணவர் ஒருவர் சில நாள்களில் 5 கிலோ இளைத்தால் வீட்டில் எத்தனை கவலைப்படுவார்கள்! அதே கவலை இதற்கும் உரியது.

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வகத்திலிருந்து வெப்பமானி ஒன்றை ஆசிரியரின் அனுமதியோடு பெற்றுக்கொள்ளுங்கள். வெந்நீரைப் பெரியவர்கள் ஊற்றித் தரட்டும்.

முதல் சோதனை: ஒரு சிறிய எவர்சில்வர் டம்ளரிலும் ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரத்திலும் 60 டிகிரி வெந்நீரை நிரப்பி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டின் வெப்பநிலையையும் அரை மணி நேரம் குறியுங்கள். ஒரே வரைபடத்தாளில் இரு கோடுகளையும் வரையுங்கள். எது முதலில் குளிர்கிறது?

இரண்டாம் சோதனை: ஒரே அளவுள்ள மூன்று டம்ளர்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றைச் சுற்றி உலர்ந்த பஞ்சைத் தளர்வாகக் கட்டுங்கள். மூன்றாவதைச் சுற்றி அதே அளவு பஞ்சை நனைத்துக் கட்டுங்கள். மூன்றிலும் ஒரே வெப்பநிலையுள்ள வெந்நீர். எந்த டம்ளர் உறங்கும் கிளி, எது மாலையில் நனைந்த கிளி என்று நீங்களே கண்டுகொள்வீர்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. பட்ஜெரிகாரைப்போல் 8 மடங்கு எடையுள்ள, 240 கிராம் கிளி ஒன்றுக்கு, ஒரு கிராமுக்கான புறப்பரப்பு எத்தனை பங்காகக் குறையும்?

2. வேலூரிலும் சென்னைக் கடற்கரையிலும் ஒரே நாளில் வெப்பநிலை 38 டிகிரி. எந்த ஊர்க் கிளிக்கு மூச்சிரைப்பதால் அதிகப் பயன்? காற்றின் ஈரப்பதத்தை நினைத்துப் பாருங்கள்.

3. 1,400 மி.மீ. வீச்சுள்ள விசிறி நிமிடத்துக்கு 280 சுற்று சுற்றினால் அதன் நுனி வேகம் என்ன?

4. ஒரு குடும்பத்தார் நான்கு நாள் வெளியூர் செல்லும்போது, கிண்ணம் நிறையத் தினையும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்து, ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். மாதம் மே. இந்த ஏற்பாட்டில் உள்ள ஆபத்துகள் எத்தனை? இந்தக் கட்டுரையில் உள்ள கணக்குகளைக் கொண்டே ஒவ்வொன்றையும் விளக்கி, அந்த வீட்டாருக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள்.